நாற்பது நிமிடச் சோதனை

மணமகளின் நெற்றிவரை படம் சரியாக இருந்தது. புருவத்துக்குக் கீழே முகம் இரண்டு விரல் அகலம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அதற்கும் கீழே, பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள்தான் கடைசிவரை.

"நண்டு, ஈரத்தலையோட இருந்தாலும் பரவாயில்ல, வந்து இதைக் கொஞ்சம் பாரு" என்று அண்ணி கூப்பிட்டாள்.

நண்டு என்பது அவளுடைய பெயர் இல்லை. குழந்தையில் நேராகத் தவழாமல் பக்கவாட்டிலேயே தவழ்ந்தாள் என்று அண்ணன் வைத்தது. இருபத்திரண்டு வயதிலும் வீட்டில் அதுதான். கணினி விளையாட்டில் அவளோடு அணி சேர்ந்து ஆடும் நான்கு பேருக்கும் அதுதான். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் திரையைப் பார்த்ததும் துவட்டுவதை நிறுத்தினாள்.

அண்ணி ஒரு ஸ்டூடியோவுக்காக வீட்டிலிருந்தபடியே படங்களைத் திருத்தி ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பவள். படுக்கையறை மூலையில் இருந்த அந்தக் கணினி மாலை நான்கு மணிவரை அவளுக்கு, நான்குக்குப் பிறகு நண்டுவுக்கு. யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. மூன்று வருடத்தில் அதை வைத்து ஒரு நாளும் முகம் சுளித்துக்கொண்டதில்லை.

"எத்தனை படம் இப்படி இருக்கு அண்ணி?"

"இதுவரைக்கும் முப்பத்தொண்ணு. இன்னும் பாதிகூடப் பாக்கல. பொண்ணோட அப்பா சக்கர நாற்காலியில இருக்கறவரு. மோதிரம் மாத்தறப்ப மட்டும் ஒரு நிமிஷம் எழுந்து நின்னாராம். அந்தப் படம் எப்படி வந்திருக்குன்னு நேத்துகூட அந்தப் பொண்ணு போன் பண்ணிக் கேட்டா. அதுதான் மொத்தமும் போயிருக்கு."

"இன்னொரு டிஸ்க்ல காப்பி வச்சிருப்பீங்களே?"

"அதுலயும் இதே கோடு. கேமரா கார்டுதான் போயிருக்கணும். புதுசா வந்த கேமராக்காரரு அதைச் சட்டைப் பையில போட்டு வேர்வையோட கொண்டுவந்து குடுத்தாரு. முதலாளிகிட்ட சொன்னேன். திங்கக்கிழமையிலேர்ந்து அந்தாளு வரவேண்டாம்னுட்டாரு." அண்ணி நகத்தைக் கடித்தாள். "ரெண்டு பிள்ளைங்க இருக்காம். மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

மேஜைக்குக் கீழே கணினிப் பெட்டியின் விசிறி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்று நண்டுவுக்கு மட்டும் கேட்பது போல இருந்தது.

போன வாரப் போட்டியில், எதிராளி கதவைத் தாண்டி வந்த கணத்தில் அவள் திரை அரை நொடி உறைந்தது. திரும்ப உயிர் வந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். "நண்டு, உன் மெஷின்தான் நம்மள கவுத்துச்சு" என்றான் கேப்டன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணி வெளியே போயிருந்த நேரத்தில் நண்டு கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். பிராசசரின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினாள். பிறகு மெமரி. ஒரு படி ஏற்றினாள், தாங்கியது. இன்னொரு படி ஏற்றினாள், திரை நீலமானது. கொஞ்சம் வோல்டேஜ் கூட்டினாள், எழுந்துகொண்டது. சோதனை நிரலை ஓடவிட்டாள். இப்படி வேகம் ஏற்றும் ஓவர்கிளாக்கிங் தெரிந்த எல்லோரும் மெமரியை மட்டும் எட்டு மணி நேரமாவது சோதிக்கச் சொல்வார்கள். நாற்பது நிமிடத்தில் ஒரு பிழையும் வரவில்லை. அண்ணி படியேறும் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஆடிப் பார்த்தாள். ஒரு திணறல் இல்லை. விளையாட்டே ஓடிவிட்டது, இனி எது ஓடாது என்று நினைத்தாள்.

அவள் நினைக்காமல் விட்டது ஒன்றுதான். ஒருவர் வேகமாகச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது போன்றது மெமரியின் வேலை. வேகம் மிஞ்சினால் எங்கோ ஓர் எழுத்து விட்டுப்போகும். விளையாட்டில் சுவரில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. அடுத்த நொடி வேறு சுவர். புகைப்படத்தில் அப்படி இல்லை. ஓர் எழுத்து விட்டுப்போனால் அதற்குப் பின் வருவதெல்லாம் பிசகும். புதன்கிழமை அந்தத் திருமணப் படங்கள் ஆயிரத்து எண்ணூறும் கார்டிலிருந்து இந்த மெமரி வழியாகத்தான் டிஸ்க்குக்கு இறங்கின.

அன்றைக்கு அண்ணி சமையலறைவரை வந்து சொன்னாள், "கம்ப்யூட்டருக்கு என்னடி பண்ணுன, பறக்குது. உன் கைக்கு வளையல் போடணும்." நண்டுவும் பெருமையாகச் சிரித்துக்கொண்டாள்.

கடவுளே, கார்டாகவே இருக்கட்டும் என்று இப்போது மனசுக்குள் வேண்டினாள். வேண்டி முடிக்குமுன்பே கூசியது. கார்டாக இருக்கட்டும் என்றால் அந்த மனிதராக இருக்கட்டும் என்றுதானே அர்த்தம். சின்ன வயதிலிருந்து பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் எவ்வளவோ கேட்டிருக்கிறாள். தன் பாரத்தைத் தூக்கி இன்னொருவர் தலையில் வை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. நான்கு மணிக்குத் தகுதிச் சுற்று. இப்போது ஒன்று ஐம்பது. அண்ணி சாப்பிடப் போகும்போது எல்லாவற்றையும் பழைய வேகத்துக்கு மாற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கோடுகள் வருவதும் நின்றுவிடும். கார்டுதான் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

"அந்தக் கார்டு இப்ப எங்க இருக்கு அண்ணி?"

"வியாழக்கிழமையே அழிச்சு அவர்கிட்டயே குடுத்துட்டேன். அவரு ரோஷக்காரரு. என் கார்டுல ஒரு குறையும் இல்ல, இன்னிக்கு அதுலயே எடுத்துக் காட்டறேன், பாருங்கன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்காரு. ரெண்டு மணிக்குப் பிறந்தநாள் விழா, முக்குல இருக்கற மண்டபத்துல."

நண்டுவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அழித்த கார்டில் படங்கள் இன்னும் அப்படியே இருக்கும். மேலே புதிதாக எதுவும் பதியும்வரை. அந்த மனிதர் தன் மேல் தப்பில்லை என்று காட்டுவதற்காக ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும், சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவார்.

"கார்டு இல்ல அண்ணி. நான்தான்."

"என்ன நான்தான்?"

"செவ்வாய்க்கிழமை மெமரியோட வேகத்தை ஏத்தினேன். மேட்சுக்காக. ஒழுங்கா சோதிக்கல. படம் கார்டுல நல்லாத்தான் இருந்திருக்கு. இங்க இறங்கறப்பதான் கெட்டுப்போயிருக்கு."

அண்ணி திரையைப் பார்த்தாள், பிறகு மேஜைக்குக் கீழே பார்த்தாள், பிறகு அவளை. திட்டுவாள் என்று நண்டு காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப நான் அந்த மனுஷன் மேல பழி போட்டிருக்கேன்" என்றாள் அண்ணி, மெல்ல.

"கார்டுல புதுசா ஒண்ணும் எடுக்காம இருந்தா மீட்டுடலாம்."

அண்ணி போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். "வேலையில இருந்தா சத்தத்தை அணைச்சு வச்சிருவாரு."

"நீங்க போட்டுக்கிட்டே இருங்க. கம்ப்யூட்டரை அணைச்சுடுங்க அண்ணி. எதையும் சேமிக்காதீங்க." அவள் பாதிப் படியில் இருக்கும்போதுதான் ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் அண்ணனுடைய செருப்பும் இருப்பதைக் கவனித்தாள். திரும்பவில்லை.

மண்டபத்தில் பலூன்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெண்ணைச் சிரிக்கவைக்கக் கேமராக்காரர் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நண்டு நேரே போய்க் கேமராவின் முன்னால் கையை நீட்டினாள்.

"அண்ணே, எடுக்காதீங்க. எத்தனை எடுத்தீங்க?"

"யாரும்மா நீ?"

"ஆல்பம் போடறவங்களோட நாத்தனார். எத்தனை எடுத்தீங்க அண்ணே?"

"பதினாலு. ஏன்?"

அவள் சொன்னாள். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தைகள் விழுந்தன. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். ஒன்றையும் மழுப்பவில்லை. போட்டி, வேகம், நாற்பது நிமிடம், எல்லாம். சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் கேமராவின் சின்ன மூடியைத் திறந்து கார்டை வெளியே எடுத்தார்.

"காலையில முதலாளி என்ன பேசினாரு தெரியுமா? என் பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. போன்ல பேசினது அவங்களுக்கும் கேட்டுச்சு."

நண்டு தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற சொல் அதற்கு முன்னால் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"நான் முதலாளிகிட்ட சொல்றேன் அண்ணே. நானே சொல்றேன்."

அவர் கார்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல அதைத் திரும்ப எடுத்து, பையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிக் கொடுத்தார். "வேர்வை படாம எடுத்துட்டுப் போ. இல்லன்னா அதுக்கும் என்னைத்தான் சொல்வாங்க." அவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "ஓடாத. ரெண்டு செருப்பும் ரெண்டு விதமா இருக்கு, விழுந்து வைக்காத. என்கிட்ட வேற சின்ன கார்டு இருக்கு, நான் சமாளிச்சுக்கறேன்."

வீட்டில் அண்ணி அணைத்துவைத்த கணினிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நண்டு அதை எழுப்பி, அமைப்புத் திரைக்குள் போய், எல்லாவற்றையும் கடையிலிருந்து வந்த நாளில் இருந்த வேகத்துக்குத் திருப்பினாள். ஏற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது. இறக்க ஒரே ஒரு பொத்தான். பிறகு கார்டைச் செருகி, மீட்கும் நிரலை ஓடவிட்டாள். மீதி நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று காட்டியது. அப்போது மூன்று மணி.

பத்து நிமிடத்தில் கேப்டன் கூப்பிட்டான்.

"நண்டு, எங்க இருக்க? எல்லாரும் உள்ள வந்தாச்சு."

"என்னால வர முடியாதுடா. கம்ப்யூட்டர் வேலையில இருக்கு."

"விளையாடறியா?"

"இல்ல. அதுதான் சொல்றேன்."

"நாலு பேரா ஆடினா ஆட்டத்துக்கே எடுத்துக்க மாட்டாங்க, தெரியும்ல" என்றான். தெரியும் என்றாள். அவன் வேறொன்றும் கேட்காமல் வைத்துவிட்டான். அவனிடம் முழுதும் சொல்லவேண்டும், ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒருவரிடம் சொல்லவேண்டியிருந்தது.

திரையில் பட்டியல் ஊர்ந்துகொண்டிருந்தது. பெயர் இழந்த படங்கள், வெறும் எண்களாக. சில எண்களுக்குப் பக்கத்தில் பச்சை, சிலவற்றுக்குச் சிவப்பு. பதினாலு படங்கள் எந்த இடத்தின் மேல் விழுந்தன என்று இன்னும் தெரியாது.

"அந்த அப்பா படம்?" என்றாள் அண்ணி.

"இன்னும் அங்க வரல."

"முதலாளிகிட்ட நான் பேசட்டுமா? நான்னா கொஞ்சம் அடங்குவாரு."

"வேண்டாம் அண்ணி. நான் சொல்றேன்னு கேமராக்காரருக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

எண்ணைத் தட்டினாள். ஓர் இலக்கம் தவறியது. அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். அண்ணி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை அவளிடமிருந்து வாங்கினாள். வெளியே கேட்கும்படி பொத்தானை அழுத்தி, மருந்துக் கிண்ணத்தை ஏந்துவது போல உள்ளங்கையில் வைத்து அவள் வாய்க்கு அருகே நீட்டினாள். மணி அடித்தது. இரண்டாவது முறை. மூன்றாவது முறை. அண்ணியின் கை அசையவே இல்லை.