ராக்கெட் பங்கும் ரத்த மாத்திரையும்

அந்த மருந்துக் கடையில் காலை நேரம் என்றால் கூட்டம் மொய்க்கும். பக்கத்து மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஆளாளுக்குச் சீட்டை நீட்டுவார்கள். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கும் மருந்தாளுநர் ஒரு கையால் சீட்டை வாங்குவாள், மறு கையால் அலமாரியைத் துழாவுவாள். கண் மட்டும் இருமல் மருந்துப் பாட்டில்களுக்கு நடுவே சாய்த்து வைத்த கைப்பேசியில் இருக்கும்.

"மேடம், இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி, பின்னாடி" என்பாள். அதற்குள் திரையில் ஒரு பங்கின் விலை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருக்கும். "ஐயோ!"

"ஏன் மேடம் ஐயோங்கறீங்க? சாப்பிட்டா ஏதாச்சும் ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது. தைரியமா சாப்பிடுங்க."

அவள் கெட்டவள் இல்லை. கெட்டிக்காரியும்கூட. சில மாதங்களுக்கு முன்பு ஒரு சின்ன நிறுவனத்தின் தோல் நோய் மருந்துக்கு அனுமதி கிடைத்த செய்தியை எல்லோருக்கும் முன்னால் படித்து, கொஞ்சம் பங்கு வாங்கி, சாயங்காலத்துக்குள் விற்றாள். அந்த லாபத்தில் ஒரு சலவை இயந்திரம் வந்து வீட்டில் உட்கார்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால், 'எனக்குத்தான் மருந்தைப் பற்றித் தெரியுமே, மற்றவர்களுக்கு அது குருட்டாட்டம், எனக்குப் படிப்பு' என்று ஓர் எண்ணம் அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிறகு எந்தப் பங்கை வாங்கலாம் என்று கைப்பேசியில் துப்பு சொல்கிற ஒரு குழுவில் சேர்ந்தாள். அதை நடத்துகிறவரை எல்லோரும் 'புலி சார்' என்பார்கள். புலியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவர் செய்தி போட்டால் சிவப்பு எழுத்தில் வரும், பக்கத்தில் ஒரு ராக்கெட் படம் இருக்கும். தொழில்நுட்பத்திலோ உயிரி மருந்திலோ பெயர் தெரியாத குட்டி நிறுவனமாக இருக்கும், பாதிக்கு மேல் புற்றுநோய் மருந்துச் சோதனை என்றே வரும். உடனே வாங்க வேண்டும், ஏறியதும் விற்க வேண்டும். அவளும் வாங்கினாள், விற்றாள். வந்ததைவிடப் போனது அதிகம். போனதைப் பிடிக்க இன்னும் போட்டாள். புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்க அவளும் கணவனும் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பகுதி, கணவனுக்குத் தெரியாமல் கரைந்துபோனது.

அன்று கவுன்டருக்கு முன்னால் நின்றவர் பூட்டுக்காரர். அடுத்த தெருவில் பூட்டு, சாவி பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை போட்டாக வேண்டும். அளவு குறைந்தாலும் ஆபத்து, கூடினால் எங்காவது ரத்தக் கசிவு வந்து அதைவிட ஆபத்து.

"எப்பவும் வாங்கறதுதான் மேடம். சீக்கிரம் குடுத்தா புண்ணியமாப் போகும்."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பிய அதே நேரத்தில் கைப்பேசி துள்ளியது. சிவப்பு எழுத்து. 'கம்ப்யூட்டரே கண்டுபிடித்த புற்றுநோய் மாத்திரை! சோதனையில் மாபெரும் வெற்றி!' நிறுவனத்தின் பங்கு ஏற்கெனவே செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் ஒரு பெட்டியை உருவி, மாத்திரை அட்டைகளை உறையில் போட்டு நீட்டினாள். வலது கை விரல் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தியது. முன்பணத்தில் மிச்சமிருந்ததில் பெரும்பகுதி அந்த ஓர் அழுத்தலில் போனது.

பங்கு இன்னும் ஏறியது. மதியச் சாப்பாட்டை அவள் தொடவே இல்லை. "என்னம்மா, முகத்துல ஒரே களை?" என்று கேட்ட முதலாளியிடம் சும்மா சிரித்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் அதே மாத்திரையில் ஐந்து மில்லிகிராம் கேட்டார். அவள் பெட்டியை எடுத்தாள். காலையில் பிரிக்காமல் இருந்த பெட்டி, இப்போது பிரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மில்லிகிராம் பெட்டி ஒட்டு கலையாமல் இருந்தது. பூட்டுக்காரருக்குச் சீட்டில் எழுதியிருந்தது ஒரு மில்லிகிராம்.

ஐந்து மடங்கு! தினமும் போடுவாரே!

கைப்பேசியை எடுத்தாள். எடுத்ததும் அவள் விரல் முதலில் தொட்டது பூட்டுக்காரரின் எண்ணை அல்ல, பங்கின் விலையை. அது ஒரு கணம்தான். ஆனால் தான் செய்த காரியம் அந்தக் கணத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. 'சீ, நான் என்ன மனுஷி!' என்று தன்னையே வெறுத்துக்கொண்டு அந்தத் திரையை மூடினாள். பூட்டுக்காரரை அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை.

"சார், தப்பான மாத்திரை குடுத்துட்டேன். போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கி ஓடினாள்.

பூட்டுக் கடை பூட்டியிருந்தது. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவரா? தலை சுத்துதுன்னு சொல்லி அப்பவே கடைய மூடிட்டுப் போயிட்டாரே."

"அவர் வீடு எங்க?"

அவர் காட்டிய சந்துக்குள் ஓடினாள். மாடிப்படிகளில் மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தட்டினாள். பூட்டுக்காரரின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே பூட்டுக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், கீழ இறங்குங்க! தலை சுத்துதா? எங்கயாவது ரத்தம் வருதா? காலையில வாங்கின மாத்திரைய போட்டீங்களா?"

பூட்டுக்காரர் விழித்தார். "தலையா? அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். ஒருத்தன் உடைஞ்ச பூட்டை வெச்சுக்கிட்டு, இப்பவே திறந்து குடுன்னு உயிரை வாங்கினான். அவன்கிட்டேருந்து தப்பிக்கத்தான் தலை சுத்துதுன்னு சொன்னேன்."

"மாத்திரை?"

"பழைய அட்டையில இன்னும் மூணு நாலு மிச்சம் இருக்கே. அது தீராம புதுசைப் பிரிக்க இவ விடுவாளா? தேஞ்ச சோப்பைக்கூடப் புது சோப்போட ஒட்டவெச்சுக் குளிக்கச் சொல்றவ!"

"இப்ப என்னைக் கிண்டல் பண்ணலன்னா உங்களுக்குத் தூக்கம் வராது" என்றபடி மனைவி அலமாரியிலிருந்து உறையைக் கொண்டுவந்தார். பிரிக்காமல் அப்படியே இருந்தது.

மருந்தாளுநர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பூட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார்.

"தேடி ஓடி வந்தீங்களே, அது பெரிசு" என்றார்.

அவர் மனைவி அவ்வளவு சுலபமாக விடவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "எங்க வீட்டுக்காரர் உயிரு உங்க கையில இருக்குதும்மா. அந்தக் கையில இன்னொண்ணை வெச்சுக்காதீங்க" என்றார்.

கடைக்குத் திரும்பி வந்து சரியான மாத்திரையை முதலாளியிடமே கொடுத்தனுப்பினாள். அதன் பிறகுதான் பங்கைப் பார்த்தாள். வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. எதனால் என்று அறிய, அந்த நிறுவனத்தின் அறிவிப்பை முதல்முறையாக முழுவதும் படித்தாள். மாபெரும் வெற்றி என்பது தலைப்பில் மட்டும்தான் இருந்தது. சோதனை நடந்தது சில எலிகள் மேல். அடியில் இன்னொரு வரி: நிறுவனம் புதுப் பங்குகளை மலிவாக வெளியிடப் போகிறது. அப்படியென்றால் பழைய பங்கின் விலை விழத்தான் செய்யும். மருந்து படித்தவளுக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை அவள் செலவழிக்கவில்லை. மிச்சமிருந்ததை விற்றாள். ஆச்சரியமாக, நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் கையில் கிரீஸ் கறையோடு வந்தவனை உட்காரச் சொன்னாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்."

அவன் முகம் வெளிறியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடும்மா. எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம். டாக்டர் என்ன சொன்னாரு? எந்தக் கட்டம்?"

"என்ன கட்டம்?"

"நான் உன் போனைப் பாத்துட்டேன். கொஞ்ச நாளா புற்றுநோய் மாத்திரை, சோதனையில எத்தனை பேர் பொழைச்சாங்கன்னு அதையே படிச்சுட்டு இருக்கே. சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல. போன் வந்தா அடுத்த ரூமுக்கு ஓடறே. எனக்கு வேலையே ஓடலம்மா. நேத்து லிஃப்ட்டுக்குள்ள உக்காந்து அழுதேன்."

அவளுக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லங்க. நான் நல்லா இருக்கேன். பங்கு வாங்கித் தோத்துட்டேன். முன்பணம் பெரும்பாலும் போச்சு."

"வியாதி இல்லியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான், கன்னமெல்லாம் கிரீஸ் ஆனது. "இன்னிக்குச் சந்தோஷத்துல விட்டுடறேன். நாளைக்குக் காலையில உன்கிட்ட நல்லாச் சண்டை போடுவேன், சொல்லிட்டேன்."

சொன்னபடியே போட்டான். கோபம் தணிய இரண்டு நாள் ஆனது. வீடு மாறுவது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. ஆனால் அந்த வீட்டில் மறுபடியும் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

குழுவை விட்டு விலகும் முன் அவள் ஒரு செய்தி போட்டாள். புலி அதை உடனே அழித்துவிட்டார், ஆனால் அதற்குள் பலர் படித்துவிட்டார்கள். அவள் எழுதியது இதுதான்:

'சூடான செய்தின்னு நமக்கு வரும்போது, முன்னாடியே வாங்கி வெச்சவங்க விக்கறதுக்கு ஆள் தேடிட்டு இருக்காங்க. அந்த ஆளுதான் நாம. முழுசாப் படிக்க நேரமில்லாத செய்தியை நம்பிப் பணம் போடறது தொழில் இல்ல, சூதாட்டம். அதுல பணம் மட்டும் போகல. கையில இருக்கற வேலை மேல கவனம் போச்சு, என்னால ஓர் உயிர் போகப் பாத்துது.'

மறுநாள் முன்பின் தெரியாத ஓர் எண்ணிலிருந்து பதில் வந்தது. 'அக்கா, நானும் நிறைய விட்டுட்டேன். வீட்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல.'

அவள் உடனே பதில் எழுதினாள்: 'இன்னிக்கே சொல்லிடுங்க. திட்டுவாங்க, தாங்கிக்கலாம். நீங்க சொல்லாம இருக்கறதால அவங்க எதை நெனச்சு அழுதுட்டு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது.'