பசிபிக் தீவில் ஒரு லாங்கோஷ் கடை

சனிக்கிழமை மத்தியானம், ஹங்கேரியின் பலாட்டன் ஏரிக்கரையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், புயல் எச்சரிக்கை விளக்கு நிமிஷத்துக்குத் தொண்ணூறு தடவை மின்ன ஆரம்பித்தது. நாற்பத்தைந்து என்றால் கரையோரமாகக் குளித்துக்கொள்ளலாம். தொண்ணூறு என்றால் தண்ணீரில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. மிதவை, பந்து, பிள்ளைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி மேலே ஏறி வந்த ஜனம், நாற்பது நிமிஷம் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு இலைகூட அசையவில்லை. அப்புறம் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இல்காவின் அப்பா டேஜோ, லாங்கோஷ் என்கிற எண்ணெய் ரொட்டி பொரிக்க இரண்டு பெரிய டப்பாக்களில் மாவைப் பிசைந்து வைத்திருந்தார். மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. அவர் நேராகப் போனை எடுத்து எச்சரிக்கை நிலையத்துக்கே அடித்தார்.

"ஹலோ, புயல் ஆபீஸா? இங்க கரையில லாங்கோஷ் கடைங்க. உங்க புயல் எங்கேயோ வழி தவறிப்போச்சு போல. வந்து சேர்ந்தா ஒரு போன் போடுங்க, குடை எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்!"

கடைக்குள் இருந்த வீட்டு ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறுமுனையில் ஒரு பெண் குரல் நிதானமாக வந்தது. "நான் வில்மா பேசறேன். ரேடார்ல அந்தப் பக்கம் ஏதோ தெரிஞ்சுது ஐயா. சந்தேகம்னு வந்தா நான் விளக்கப் போட்டுத்தான் ஆகணும்."

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது இல்காதான். இருபது வயது. கடையில் எது பழுதானாலும் திருப்புளியோடு முதலில் ஏறுகிறவள் அவள். மே மாதம் கடைக்கு வைஃபை கொண்டுவந்ததும் அவள்தான். வீட்டில் இணையம் உண்டு, அறுநூறு மீட்டர் தள்ளி. கடைக் கூரையில் ஒரு சின்ன ஆன்டெனாத் தட்டு, வீட்டுக் கூரையில் ஒரு சின்னத் தட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. கார்டு மெஷின் ஓட ஆரம்பித்ததும் அப்பா அவளைத் தோளில் தூக்காத குறை.

ஆனால் அந்தத் தட்டுக்கு ஒரு வியாதி இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். பத்து நிமிஷம் மௌனம். வரிசையில் ஈர டவுசரோடு இருபது பேர், கையில் கார்டு, "என்னம்மா, மெஷின் தூங்குதா?" என்று கத்துவார்கள். இல்கா இணையத்தில் தேடினாள். யாரோ ஒரு புண்ணியவான் வழி எழுதியிருந்தான்: தட்டின் செட்டிங்ஸில் நாட்டின் பெயரை மாற்று. ஹங்கேரி என்று இருந்த இடத்தில் பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவின் பெயரைப் போட்டாள். அன்றிலிருந்து தட்டு ஒரு தடவைகூட வாயை மூடவில்லை. 'நான் யாரு!' என்று அவளே அவள் முதுகைத் தட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை, கூரையில் கம்பம் முளைத்த ஒரு வெள்ளை வேன் கடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"பூண்டு, புளிப்பு கிரீம், சீஸ். எல்லாம் தாராளமா போடும்மா. ரெண்டு நாளா ரொட்டித்துண்டுலதான் ஓடுது."

"வேன்ல என்னக்கா விக்கறீங்க?"

"விக்கல, தேடறேன். அலைவரிசை ஆபீஸ். எமோகே." சூடான லாங்கோஷை ஊதி ஊதிக் கடித்தாள். "இந்தப் பக்கம் யாரோ ரேடார் மேல கத்திக்கிட்டு இருக்காங்க. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் தெருத் தெருவா சுத்தினேன், ஒரு சத்தம் இல்ல. இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

திங்கள், செவ்வாய் கடை விடுமுறை. இன்றைக்குப் பத்து மணிக்குத்தான் இல்கா கதவைத் திறந்து மின்சாரம் போட்டாள். அது அவள் மண்டையில் இன்னும் ஏறவில்லை.

"கத்தறதுன்னா?"

"காத்துல எல்லாருக்கும் பங்கு பிரிச்சு வெச்சிருக்கும்மா. விமானத்துக்கு ஒரு துண்டு, கப்பலுக்கு ஒரு துண்டு, போனுக்கு, மேடை மைக்குக்கு, வானத்துல நட்சத்திரத்தைக் கேக்கறவங்களுக்குக்கூட ஒண்ணு. ஐரோப்பா பூரா உக்காந்து, வருஷக்கணக்கா சண்டை போட்டு, எழுதி வெச்சது. சில துண்டுல ரெண்டு பேரு இருக்கலாம். ரயில்ல முன்பதிவு சீட்டு மாதிரி. ஆள் இல்லேன்னா நீ உக்காந்துக்கோ, சீட்டுக்காரர் வந்தா மரியாதையா எந்திரிச்சுடணும். மழை ரேடார்தான் சீட்டுக்காரர். வைஃபை சும்மா உக்காந்திருக்கற ஆளு."

"வைஃபையா?"

"ஆமா. இந்த நாட்டு விதிப்படி ஓடற மெஷின்னா ரேடார் சத்தம் கேட்டதும் தானா எந்திரிச்சுடும். இங்க ஒண்ணு கால நீட்டிப் படுத்திருக்கு. வில்மா அக்கா திரையில இந்த ஊருக்கு மேல, ஏரி தாண்டி, பாக்கோனி மலை வரைக்கும் ஒரே வெள்ளைக் கோடு. போன சனிக்கிழமை அந்தக் கோட்டுக்குள்ள மழை இருக்கா இல்லையான்னு புரியாமத்தான் விளக்கப் போட்டாங்க. அதுக்கு எவனோ போன் பண்ணி, குடை கொண்டு வர்றேன்னு கிண்டல் பண்ணினானாம்."

உள்ளே மாவைத் தட்டிக்கொண்டிருந்த டேஜோ சத்தமில்லாமல் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த சனிக்கிழமை ஏரியைக் கடக்கற நீச்சல் இருக்கு, அறுநூறு பேரு. புயல் வர்றதும் அந்த மலைப் பக்கத்துல இருந்துதான். அங்கதான் அவங்களுக்குக் கண்ணு தெரியல."

அந்த அறுநூறு பேரில் ஒருத்தி இல்காவின் அம்மா யோலான். ஐம்பத்தொரு வயது. குளிர்காலம் முழுக்கப் பனியில் பஸ் பிடித்து நீச்சல்குளத்துக்குப் போய்ப் பழகியவள்.

இல்காவுக்கு இப்போதுதான் எல்லாம் மண்டையில் ஏறியது. எமோகே வேனுக்குள் ஏறியதுதான் தாமதம், இவள் தட்டின் செட்டிங்ஸைத் திறந்து தீவை அழித்துவிட்டு ஹங்கேரி என்று போட்டாள். தட்டு அணைந்தது. பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டது. அப்புறம் ரேடார் இல்லாத வேறு அலைவரிசையைத் தேடிப் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், முடிந்தது, யாருக்கும் தெரியாது என்று மூச்சு விட்டாள்.

வியாழக்கிழமை எமோகே திரும்ப வந்தாள். முகம் இன்னும் தொங்கியிருந்தது.

"என்னக்கா, இன்னும் கத்துதா?"

"நின்னுபோச்சு."

"அப்போ நல்லதுதானே!"

"நல்லதா? வேனை ஸ்டார்ட் பண்ணறதுக்குள்ள நின்னுச்சு. யாரு, எதுக்கு, ஒண்ணும் தெரியாம நின்னா, அதே மாதிரி மறுபடி ஆரம்பிக்கும். வில்மா அக்கா அந்தக் கோட்டுப் பக்கத்தை நம்பவே முடியாதுங்கறாங்க. சனிக்கிழமை அங்க ஏதாவது தெரிஞ்சா மழைன்னு எடுத்துக்கறதா, பழைய கோடுன்னு விட்டுடறதா? இன்னொரு தடவை சும்மா விளக்கப் போட்டா அப்புறம் ஒருத்தனும் தண்ணிய விட்டு வரமாட்டான். நீச்சலை நிறுத்திடுங்கன்னு சொல்லப் போறாங்க."

இல்கா கரண்டியைக் கீழே வைத்தாள். எண்ணெய் சடசடவென்று கொதித்தது. பின்னாலிருந்து அப்பா, "ஏய், கருகுது பாரு!" என்றார்.

"அக்கா," என்றாள். "அது நான்தான்."

"எது?"

"கால நீட்டிப் படுத்திருந்தது. எங்க கூரையில இருக்கு. நாட்டுப் பேரை மாத்தி வெச்சிருந்தேன். நேத்து நீங்க சொன்னதும் திருப்பி மாத்திட்டேன்."

திட்டு விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டாள். எமோகே திட்டவில்லை. இரண்டு கையாலும் கவுன்ட்டரை ஓங்கித் தட்டினாள். "அடி என் தங்கமே! எந்த நாடு?"

"பசிபிக் தீவு."

டேஜோ பொரிக்கும் கம்பியோடு வெளியே வந்தார். "என்னது, நம்ம கடை பசிபிக்ல இருந்துச்சா? அதான் போன வாரம் எனக்கு மட்டும் அவ்வளவு வெயில் அடிச்சுதா?"

யாரும் சிரிக்கவில்லை. எமோகே ஏற்கெனவே போனில் இருந்தாள். "வில்மாக்கா, திரையப் பாத்துக்கிட்டே இருங்க. இப்போ போடறோம்." இல்காவிடம், "தீவுக்குப் போ. பழைய சேனல். ரெண்டே நிமிஷம். இதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு, உனக்கு இல்ல, ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள்.

இல்கா மாற்றினாள். போன் ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ரேடார் ஒரு சுற்று சுற்றி வரவேண்டும்.

"வந்துடுச்சு!" என்றது வில்மாவின் குரல். "அதே கோடு. அதே கோணம். அணைங்க."

அணைத்தாள். மறுபடி காத்திருப்பு. ஒரு வாடிக்கையாளர், "ரெண்டு லாங்கோஷ்" என்று ஆரம்பித்தார். டேஜோ அவரைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

"போயிடுச்சு. சுத்தமா இருக்கு." அந்தக் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது, ஒரு வாரமாகத் தோளில் தூக்கிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. "ரொம்ப நன்றிம்மா. யாரு நீ?"

"இல்கா. லாங்கோஷ் கடை. தப்புப் பண்ணினதே நான்தாங்க, எனக்குப் போய் நன்றி சொல்றீங்களே."

"தப்பு நிறைய பேரு பண்றாங்க. வந்து சொன்னது நீ ஒருத்திதான். லாங்கோஷ் கடைன்னா, குடைக்காரர் பக்கத்துல இருக்காரா?"

டேஜோ கையைத் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். போனுக்கு முன்னால் போய் நின்று தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார், வில்மா ஏதோ நேரில் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

"இருக்கேங்க. நான்தான். நான் பேசினது... என் மாவு வீணாப்போன கோவம். உங்க புயலே எங்க கூரையில இருந்துதான் வந்துச்சுன்னு தெரியாது. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல ஐயா. சனிக்கிழமை குடைய மட்டும் கைல வெச்சுக்குங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன், ஆனா சத்தியம் பண்ணமாட்டேன்."

எமோகே காகிதத்தில் எழுதினாள். எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும், இன்னொரு தடவை என்றால் மெஷினையே எடுத்துப்போய்விடுவார்கள் என்றாள். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, இல்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேறு சேனலைக் காட்டிக்கொடுத்தாள். அங்கேயும் காது கொடுத்துக் கேட்கும், ஆனால் ஒரே நிமிஷம். இந்தத் தட்டுக்கு வியாதியே இல்லை, மரியாதை தெரிந்த மெஷின் அது என்பது இல்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. வெறும் காற்று என்று நினைத்திருந்த இடத்தில் இத்தனை பேர், முகம் தெரியாத யார் யாரோ, ஒருத்தருக்கொருத்தர் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வடகரையில் நீச்சல் தொடங்கியது. பதினொன்றரைக்கெல்லாம் முக்கால்வாசிப் பேர் தென்கரைக்கு வந்து சேர்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு லாங்கோஷ் தின்றுகொண்டிருந்தார்கள். யோலான் வரவில்லை. அவள் எப்போதும் மெதுவாகத்தான் நீந்துவாள். வானம் நீலமாக இருந்தது. மலைப் பக்கம் மட்டும் லேசாகப் பால் கலந்த மாதிரி.

பதினொன்று நாற்பதுக்கு விளக்கு மின்னியது. இல்கா எண்ணவே தேவையில்லை, தொண்ணூறு.

பீர் கையோடு ஒருவர் உரக்கச் சிரித்தார். "போன வாரமும் இப்படித்தான் பயங்காட்டினாங்க! யாரும் வெளிய வராதீங்கப்பா, தண்ணி நல்லா இருக்கு!"

டேஜோ கவுன்ட்டரைத் தாண்டி வெளியே குதித்தார். கை முழுக்க மாவு. "போன வாரம் அது நாங்க! இன்னிக்கு அது புயல்! பிள்ளைங்கள வெளிய கூப்பிடுங்கய்யா!" கத்திக்கொண்டே படகுத்துறை நுனிவரை ஓடினார். அந்த மனிதர் இவ்வளவு வேகமாக ஓடி இல்கா பார்த்ததே இல்லை. ஜனம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நகர்ந்தது.

தூரத்தில் காவல் படகுகள் ஒவ்வொரு நீச்சல் தொப்பியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தன. சிவப்பு, மஞ்சள், சிவப்பு. இல்கா அம்மாவின் பச்சைத் தொப்பியைத் தேடினாள். மலை மேல் இருந்த பால் கறுத்துவிட்டது. பன்னிரண்டாவது நிமிஷம் காற்று வந்தது. வந்தது என்று சொல்வது போதாது, ஏரியைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தது. குடைகள் பறந்தன, பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டன. அதற்கு முன்னாலேயே கடைசிப் படகு துறையில் மோதி நின்றுவிட்டது.

அதிலிருந்து இறங்கிய யோலானுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"எண்ணூறு மீட்டர்! வெறும் எண்ணூறு மீட்டர்தான் பாக்கி! அந்தப் படகுக்காரன் என்னை ஈரத் துணி மாதிரி தூக்கிப் போட்டுட்டான். நல்லாத்தான் இருந்துச்சு தண்ணி—"

அதற்குள் முதல் அலை துறையின் மேலேறி அவள் முதுகில் அறைந்தது. யோலான் திரும்பி ஏரியைப் பார்த்தாள். சற்று முன்னால் அவள் நீந்திக்கொண்டிருந்த இடத்தில் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. அப்புறம் அவள் எண்ணூறு மீட்டரைப் பற்றிப் பேசவே இல்லை. இல்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் விரல்கள் சுருங்கிப்போய் ஜில்லென்று இருந்தன.

கடைக்குள் ஆலங்கட்டி கூரையில் தடதடவென்று விழ, நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். பீர்க்காரரும் இருந்தார், மடியில் இரண்டு பிள்ளைகளோடு. டேஜோ அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லாங்கோஷ் கொடுத்தார்.

இல்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு போன் போட்டாள்.

"வில்மாக்கா, இல்கா பேசறேன். எல்லாரும் வந்துட்டாங்க. எங்கம்மாவும் வந்துட்டாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே—"

"வந்துட்டாங்களா? அப்பாடா." மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "நன்றிய அப்புறமா வாங்கிக்கறேன் தங்கம். அதே பக்கத்துல பின்னாடியே இன்னொண்ணு வருது, தெள்ளத் தெளிவா தெரியுது எனக்கு. மழை விட்ட மாதிரி இருக்கும், அதை நம்பி ஒருத்தரையும் இறங்க விடாதே."

"சரிக்கா," என்றாள் இல்கா. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, அந்த நாற்பது பேரையும் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள்.