மூச்சு விடாத வீடு

ஹோல்டன் தெரு பதினேழாம் எண் வீட்டில் வாடகைக்கு இருந்த டெனிஸ் ஹேவொர்த், ஒரு நவம்பரில் வீட்டுக்குள் மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டாள். அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்ததால் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

காரணம் பூஞ்சை. மகள் கெல்சியின் கட்டிலுக்குப் பின்னால் கைக்குட்டை அளவில் கறுப்பாகத் தொடங்கி, கூரைவரை ஏறிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை விடிய விடிய இருமும். ஓடு பெயர்ந்து மழை சுவருக்குள் இறங்குவது ஊருக்கே தெரியும். வீட்டுக்காரரின் ஏஜெண்ட் பில்கிங்டனுக்கு மட்டும் தெரியாது. "எல்லாம் நீங்க விடற மூச்சுதான் கண்ணு. ராத்திரி பூரா விட்டா செவரு ஈரமாகாம என்ன செய்யும்?" என்றார் அவர். மேற்கொண்டு கேட்டால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். அன்றைய சட்டத்தில் அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கூரையைப் பற்றிப் புகார் கொடுத்த எதிர்வீட்டு ஜோன், இப்போது அக்கா வீட்டு சோஃபாவில் படுக்கிறாள். எனவே டெனிஸ் துணியை உள்ளே உலர்த்துவதை நிறுத்தினாள், சூப் கொதிக்கவைப்பதை நிறுத்தினாள், பூஞ்சை போகாததால் கடைசியில் மூச்சையும் நிறுத்தினாள். வாசற்படியில் ஒரு முறை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு உள்ளே போவாள். மகளுக்கும் பழக்கினாள். சின்னவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். இருமல் நின்றது. மழை கூரைவரை வந்து திரும்பிப்போனது, சுவர் சருகாகக் காய்ந்தது. பில்கிங்டன் வாக்கு பலித்துவிட்டதே என்பதுதான் தெருக்காரர்கள் எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. இனி காரணமில்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது, ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த கெடுவுக்குள் சரிசெய்தாக வேண்டும் என்றார்கள். அன்று மாலை தெருவே பொரித்த மீன் வாங்கித் தின்றது. டெனிஸ் துணிந்து நகர கவுன்சிலுக்கு எழுதினாள்.

கிளெக் என்ற அதிகாரி வந்தார், நல்ல மனிதர். கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. தானும் மகளும் உள்ளே மூச்சு விடுவதில்லை, அதனால்தான் என்று டெனிஸ் விளக்கினாள். "நீங்க சொல்றத நம்பறேன்மா. ஆனா சட்டம் செவரத்தான் பாக்கும்" என்றார். டெனிஸுக்கு ஆத்திரம் வந்தது. நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் அவர் எதிரிலேயே ஊதிவிட்டாள். கண்ணெதிரே சுவர் நனைந்து, தரைமுதல் கூரைவரை கறுத்தது. கிளெக் பெருமூச்சுவிட்டார். அவர் கண்ணால் பார்த்ததை மாற்றி எழுத முடியாதாம். கேடு குடியிருப்பவரால் வந்தது, வீட்டில் குறை இல்லை என்று எழுதினார். டெனிஸ் படியில் உட்கார்ந்து அழுதாள். அதற்கும் வெளியேதான் வர வேண்டியிருந்தது.

சட்டம் இன்றும் இருக்கிறது, நல்ல சட்டம்தான். அவர்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. தெருவில் இப்போது பாதி வீடுகளில் மூச்சு கிடையாது. போன மார்ச்சில் பஸ் நிறுத்தத்தில் நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நல்ல வெயில். கெல்சியின் நெஞ்சு அசையவே இல்லை.

"வெளியதான இருக்கோம், விடேண்டி" என்றாள் டெனிஸ்.

"எதுக்கும்மா?" என்றாள் பிள்ளை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டெனிஸ் அவள் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.