பதினேழை விட்டுவிட்டாள்

மகளைக் காட்ட வந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தின் ஏழாவது கேள்வியில் அவன் பேனா நின்றது. 'உட்கார்ந்தாலோ படுத்தாலோ காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?' தந்தை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். தாய் என்ற கட்டத்தைப் பார்த்தபடி இருந்தான். பிறகு அப்படியே கொடுத்துவிட்டான்.

மகளுக்கு எட்டு வயது. ஏ.டி.ஹெச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு, என்று இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். வகுப்பில் எழுந்து நடந்தாலும், எழுதியதைப் பாதியில் விட்டாலும் அந்த நான்கெழுத்தே பதில். படுக்கையில் உதைத்துக்கொண்டே கிடப்பதையும் அவன் அதே கணக்கில் சேர்த்துவிட்டான். அவன் ஸ்கேன் எடுப்பவன். நாளைக்கு நாற்பது பேரிடம் 'ஆடாம இருங்க' என்பது தொழில். நாற்பத்தொன்றாவது ஆளாக வீட்டில் இவள்.

இப்போது பள்ளியிலும் கையை விரித்துவிட்டார்கள். பிள்ளை தூங்காமல் வருகிறாள், ஒரு வழி செய்துகொண்டு கூட்டிவாருங்கள் என்று.

"காலு என்னடா பண்ணுது?" என்று டாக்டரம்மா அவளையே கேட்டார். அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"உள்ள சோடா ஊத்தின மாதிரி இருக்கு. ஆட்டினா அடங்கும். நிறுத்தினா மறுபடி பொங்கும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, படிவத்தைப் புரட்டினார். "அம்மா கட்டம் காலியா இருக்கே?"

"அவ இல்லைங்க. பதினாலு மாசம் ஆச்சு."

டாக்டரம்மா படிவத்தைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு இந்த மாதிரி இருந்துச்சா? பரம்பரையாவும் வரும், அதான் கேக்கறேன்."

மனைவியின் ரத்த வகை தெரியும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். கடைசி மாதங்களில் எத்தனை படிவம் நிரப்பியவன்! "தெரியலைங்க" என்றான்.

"அம்மாவுக்கும் இருந்துச்சே!" என்றாள் மகள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "நாங்க ரெண்டு பேரும் ஹால்ல நடப்போமே. சோபாவுலேருந்து கதவு வரைக்கும், நூறு தடவை. நான் எண்ணுவேன். வேணும்னே தப்பா எண்ணுவேன். அம்மா கண்டுபிடிச்சிடும்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ தூங்கிட்டிருப்பே. நாளெல்லாம் நின்னு வேலை பாக்கற மனுஷன், எழுப்பக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு."

"இப்பவும் நடக்க வேண்டியதுதானே?" என்றார் டாக்டரம்மா.

"இருட்டுல தனியா பயமா இருக்கு. அதான் படுத்துக்கிட்டே உதைக்கறேன்."

டாக்டரம்மா காலியான கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினார். இரும்புச்சத்து குறைந்தாலும் கால் இப்படித் தவிக்கும் என்று, ரத்தத்தில் அதைப் பார்க்கச் சொன்னார். "கம்மியா இருந்தா மருந்து தரலாம். சரியாயிடும்னு இப்பவே வாக்குக் குடுக்க முடியாது."

ரத்தம் எடுத்தாயிற்று. முடிவு வர ஒரு மணி நேரம் ஆகுமாம். ஆஸ்பத்திரிக் கூடத்து நாற்காலியில் மகளின் கால்கள் துள்ளின. "ஆடாம..." என்று தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டான். "போ. நட."

அவள் சுவரோரமாக நடந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு நடந்தாள். திரும்பும்போதும் அந்த ஆளைச் சுற்றிக்கொண்டு வருவதுபோல அகலமாகத் திரும்பினாள். அவன் எழுந்து அந்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான்.

"ஐயோ, இவ்ளோ வேகமா இல்லப்பா."

மெதுவாக நடந்து பார்த்தான். எதிரே தள்ளுவண்டியோடு வந்த நர்ஸ், "வழி விடுங்க சார்" என்றார். சுவரோடு ஒட்டிக்கொண்டான். மகள் நிற்காமல் எண்ணிக்கொண்டே போனாள். "பதினஞ்சு, பதினாறு, பதினெட்டு."

சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். தலையைத் திருப்பாமல், காதை மட்டும் பக்கவாட்டில் சாய்த்தாள். பிறகு, "பத்தொம்பது" என்று நடந்தாள்.