நடுக்குழாய்

கடல் உயிரினக் காட்சிசாலையில் என் கணவருக்கு மீன்காரர் என்று பெயர். எனக்கு நத்தைக்காரி. முதுகெலும்பு உள்ளதெல்லாம் அவர் பொறுப்பு, இல்லாததெல்லாம் என் பொறுப்பு. முதுகெலும்பே இல்லாததை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று அவருக்கு எப்போதும் ஓர் இளக்காரம்.

அன்று காலை என் அறையைத் திறந்தேன். கண்ணாடியில் ஒட்டிக் கிடக்க வேண்டிய நட்சத்திர மீன்கள் அத்தனையும் தொட்டிகளின் அடியில் மல்லாந்து கிடந்தன. நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களில் ஒன்றுக்கும் பிடிமானம் இல்லை. கடல் முள்ளெலிகள் முட்களை உதிர்த்திருந்தன.

"ஏங்க, நேத்து தண்ணியில என்ன போட்டீங்க?"

"மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய். செம்பு மருந்து போட்டேன்."

"நடுக்குழாய மூடினீங்களா?"

அவர் தொட்டிகளையும் என் தொட்டிகளையும் இணைக்கும் அந்தக் குழாயை மூட ஓடினார். இரவு முழுக்கத் திறந்தே கிடந்திருக்கிறது.

மீனுக்கு மருந்தாகும் செம்பு என் உயிர்களுக்கு விஷம். மூலைத் தொட்டியில், மண்பானைக்குள், ஆக்டோபஸ் முட்டை காத்துக்கொண்டிருந்தாள். அவள் ரத்தம் நீலமாக இருப்பதே செம்பால்தான். உடம்புக்குள் இருந்தால் உயிர், தண்ணீரில் வந்தால் எமன். ஐந்து வாரமாக இரை தொடாமல், முட்டைச் சரங்களில் அழுக்குப் படியாதபடி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள். இன்னும் நாலே நாளில் பொரிந்திருக்கும்.

இப்போது சுண்ணாம்பாக வெளுத்திருந்தாள். அப்போதும் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தாள். பெற்ற பிள்ளைகள்மேல் தானே விஷத்தைப் பாய்ச்சுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நல்ல கடல்நீர் ஒரே ஒரு பீப்பாயில் தனியாக இருந்தது. இருவரும் பானையோடு தூக்கி அதில் இறக்கினோம். ஒரு தடவை மூச்சு விட்டாள். அதையும் முட்டைமேல்தான் விட்டாள். மூன்று இதயம் இருக்கிறதே, ஒன்றாவது தாங்காதா என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒன்றும் தாங்கவில்லை. எட்டுக் கைகளும் பானையை விட்டு நழுவின.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

"மன்னிச்சிடு."

"அதெல்லாம் அப்புறம்." எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. உருப்பெருக்கியை எடுத்து முட்டைகளைப் பார்த்தேன். முக்கால்வாசி மங்கிவிட்டன. அடியில் இருந்த ஒரு சரத்தில் மட்டும் குட்டிக் குட்டிக் கறுப்புக் கண்கள் தெரிந்தன. உள்ளே துடிப்பு இருந்தது.

"இதுமேல தண்ணி ஓடிட்டே இருக்கணும். நின்னா அழுகிடும்."

அவர் தண்ணீர் பீய்ச்சும் தன் ரப்பர் குமிழை எடுத்தார். தட்டிவிட்டேன். "அது செம்பு பட்டது." என்னுடையதைக் கொடுத்தேன்.

"எவ்வளவு நேரம்?"

"நாலு நாள். மாத்தி மாத்தி. மெதுவா, அவ விட்ட மாதிரி."

அவர் முழங்கால் போட்டுப் பீப்பாய்க்குள் கையை விட்டார். குமிழை அழுத்தாமல் என்னைப் பார்த்தார். அவள் எப்படி விடுவாள் என்று ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால்தானே தெரியும்?

அவர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன்.