கேட்காமல் விட்ட கேள்வி

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்க, கல்லூரித் தோழிகள் நிலோஃபரும் அமலாவும் வந்திருந்தார்கள். ஆம்பூர்க்காரி நிலோஃபர் லேசில் விடுகிறவள் இல்லை. வெயில் காலத்தில் தண்ணீர் வருமா, அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பீர்கள், அம்மா வந்தால் தங்கலாமா என்று அவள் அடுக்க, வீட்டுக்காரர் ஊதுபத்திப் புகைக்கு நடுவே நெற்றியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். வீட்டை விட்டு வந்தால் தூக்கம் வருமா என்பதை மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது, அமலா பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி இது, இப்படி நாறுது?"

நிலோஃபர் இழுத்து முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லையேடி!"

வெளியே தோல் பதனிடும் ஷாப்பின் சுவர் தெரிந்தது. ஆம்பூரில் அவள் வீட்டுக்குப் பின்னாலும் அப்படி ஒன்று உண்டு. வீட்டுக்காரர் ஏன் கட்டுக்கட்டாக ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது.

நிலோஃபர் அவர் மேல் பாயப் போனாள். அதற்குள் முன்பக்கம் ஒரு ரயில் தடதடத்துப் போக, காதைப் பொத்திக்கொண்டாள். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த அமலா, "காதுல இன்னாடி ஆச்சு?" என்று கேட்டாள்.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பின் ரூம் எனக்கு," என்றாள் நிலோஃபர்.

"முன் ரூம் எனக்கு," என்றாள் அமலா.

"சொன்னா போய்டுவீங்கன்னுதாம்மா..." என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

"முதல்லயே சொல்லியிருந்தா ஒரு கேள்விகூட கேட்டிருக்க மாட்டேனே சார்!" என்று கடிந்துகொண்டே கையெழுத்துப் போட்டாள் நிலோஃபர்.