மறுத்துப் பேசாத வீடு

அக்காவுக்கு மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கீமோவும் முடிந்தது. "இப்போது ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொன்ன அன்று, நர்ஸ் என்னிடம், "அவங்க மனசு நோகாம பாத்துக்கங்க" என்றார். நான் அதைச் சட்டமாக்கினேன். வீட்டில் யாரும் அவளை மறுத்துப் பேசக் கூடாது. அம்மா சரி என்றாள். அக்காவின் கணவரான மாமாவும் தலையாட்டினார்.

எட்டு மாதம் அப்படியே ஓடியது.

அக்கா தையற்காரி. முன்னறையில்தான் மெஷின். இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த எனக்கு ஒரு நேர்காணல் வந்தது. அதற்கான பேண்ட்டை அவள்தான் அடி மடித்துத் தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். இடது கால் இரண்டு விரல் குட்டை. இருபது வருடத் தொழிலில் அவள் செய்யாத தவறு. "நல்லா இருக்குக்கா" என்று சொல்லி அதிலேயே போனேன்.

திரும்பியபோது வாசலில் நின்றிருந்தாள். கீழே பார்த்தவள் முகம் வெளுத்தது.

"இதோடயா போன?"

"ஆமா. ஏன்?"

"ஒரு பொத்தான் கோணினாலே மூஞ்சியத் தூக்கி வச்சுப்பியேடா நீ. உண்மையச் சொல்லு. டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லன்னுதான்..."

"பொய். சாகப்போறவகிட்டதான் யாரும் சண்டை போட மாட்டாங்க. எட்டு மாசமா இந்த வீட்டுல ஒரு சண்டை இல்ல. நாளைக்கு செக்கப்புக்கு நான் வரல. உங்க மூஞ்சிலயே எழுதியிருக்கு."

மெஷின் முன்னால் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாங்கள் இதமாக நடந்துகொள்வதாக நினைத்திருந்தோம். அவளோ தினமும் எங்கள் முகத்தில் தன் சாவைப் படித்திருக்கிறாள்.

உள்ளே போய் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, பேண்ட்டை அவள் மடியில் எறிந்தேன்.

"இது ஒரு தையலா? இன்டர்வியூ எடுத்த மூணு பேரும் என் மூஞ்சிய விட்டுட்டு கீழயே பாத்தாங்க. வேலை கிடைக்கலன்னா நீதான் காரணம். அப்புறம், மாமா மேட்ச் பாக்கும்போது டிவிய அணைக்கறியே, அந்த மனுஷன் பாத்ரூம்ல உக்காந்து போன்ல பாக்கறாரு."

"பாத்ரூம்லயா?"

"வயிறு சரியில்லன்னு நெனச்சு நீ மாத்திரை குடுத்த. அதையும் முழுங்கினாரு."

அழுகையும் சிரிப்புமாக என் பேண்ட்டிலேயே மூக்கைத் துடைத்தாள்.

"டாக்டர் எதையும் மறைக்கலக்கா. உன்னை எதுத்துப் பேசக் கூடாதுன்னு சொன்னவன் நான்தான். முட்டாள்தனம்."

பிறகு அளவு நாடாவை என்னிடம் நீட்டி, அறுவை நடந்த பக்கத்துக் கையை மேசைமேல் வைத்தாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இந்தக் கை வீங்கலாம்னு வாரம் ஒரு தடவை அளக்கச் சொன்னாங்க. நான் ஒரு நாளைக்கு பத்து தடவை அளக்கறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டுது. நீ பாரு."

இரண்டு கைகளையும் அளந்தேன். மறுபடியும் அளந்தேன். நாக்கு நுனியில் பொய் தயாராக இருந்தது.

"இந்தக் கை அரை இஞ்ச் கூடுதலாத்தான் இருக்கு."

"அரைதானா?"

"அரைதான்."

நீளமாக மூச்சு விட்டாள். "நாளைக்கு இதை நீயே டாக்டர்கிட்ட சொல்லு. அங்க போனா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"எட்டு மணிக்குக் கிளம்பலாம்."

"ஏழரைக்கே கிளம்பணும். நீ குளிச்சு முடிக்கறதுக்குள்ள பொழுதே சாஞ்சிடும்."